முறிந்த கழுத்தும் மறைத்த வடுவும்

தந்திக் கருவி உடையும்போது நாதம் பிறக்கும் இடத்தைவிடத் தந்தி இழுத்துக் கட்டப்படும் இடமே முதலில் உடைகிறது என்பதற்கு எலெக்ட்ரிக் கிதாரைவிடத் தெளிவான சான்று இல்லை. குடைவில்லாத கெட்டி மரத்தாலான அதன் உடல் மேடையிலிருந்து விழுந்தாலும் வண்ணம் பெயர்வதோடு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஒல்லியான கழுத்து முடிந்து, டியூனிங் கீ எனப்படும் சுருதிச் சாவிகள் பதித்த தலைப்பகுதி தொடங்குகிற இரண்டு விரற்கடை இடம் ஒரே அடியில் பிளந்துவிடும். வாசிப்போரும் பழுதுபார்ப்போரும் இத்தலைப்பகுதியை ஹெட்ஸ்டாக் என்றும், தந்திகள் அதற்குள் இறங்குமுன் ஏறிச் செல்லும் சிறு வரம்பை நட் என்றும் அழைக்கிறார்கள். வீணையில் பிரடைகள் செருகப்பட்ட பகுதியையும் அதற்கு முன்னுள்ள மேருவையும் இவற்றுக்கு ஏறத்தாழ இணையாகக் கொள்ளலாம். முறிவு நேர்வது அநேகமாக நட்டுக்குச் சற்றுப் பின்னால்தான். பார்வைக்கு அது கருவியின் ஆயுள் முடிந்ததுபோல் தோன்றினாலும், கைதேர்ந்தவரிடம் போனால் ஒரு வாரத்தில் மறுபடி சுருதி சேர்க்கக்கூடிய காயமே அது. அந்த வடுவைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதுதான் அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை.

அவ்விடம் ஏன் அவ்வளவு எளிதில் முறிகிறது என்பதை அறிய, விறகு பிளப்பவர் கோடரியை எத்திசையில் வைக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். மரம் என்பது நீளவாட்டில் ஓடும் நார்களின் கட்டு; நாரின் போக்கில் அடித்தால் எளிதில் பிளக்கும், குறுக்கே அடித்தால் கோடரியைத் திருப்பி அனுப்பும். கிதாரின் கழுத்து நாரின் போக்கை ஒட்டி அறுக்கப்படுவதால் தந்திகளின் இழுப்பைத் தாங்குகிறது. ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை, மெல்லிய தந்திகளைக் கட்டினாலும், ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். தலைப்பகுதி கழுத்தோடு ஒரே தளத்தில் இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், ஒரே மரத்தில் செதுக்கப்பட்ட அத்தலைக்குள் நார்கள் சாய்வாக நுழைந்து, அதன் பின்புறத்தில் குறுகிய துண்டுகளாக முடிந்துவிடும். சங்கிலியின் கண்ணிகள் பாதியில் அறுந்தது போன்ற இந்த நிலையில், மரத்தைச் சேர்த்துப் பிடிப்பது நார்களின் நீளம் அன்று, அவற்றுக்கு இடையேயுள்ள இயற்கைப் பசை மட்டுமே.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் என்னும் கிதார் இந்தக் குறைக்கு உலகப் புகழ் பெற்றது. அதன் கழுத்து இளஞ்சிவப்பான மஹோகனி மரத்தின் ஒரே துண்டால் ஆனது. தலை 17 பாகை சாய்ந்தது. தந்தி நட்டின்மேல் அழுந்திப் பதிந்தால்தான் ஒலி தெளிவாக எழும் என்பதால் இச்சாய்வு தேவைப்பட்டது. போதாததற்கு, கழுத்து வளையாதபடி அதன் உள்ளே ஓடவிடப்பட்ட ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியின் திருகும் அதே இடத்தில்தான் அமைந்தது. 1920-களின் தொடக்கத்தில் கிப்சனில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ கண்ட இந்த ஏற்பாடு, கழுத்தைத் தேவைக்கேற்ப நிமிர்த்தித் தந்தியின் உயரத்தைச் சீராக்க உதவிய பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் திருகைத் திருப்ப ஒரு குழி வேண்டும், அக்குழி நட்டுக்குப் பின்னால், அதாவது நார் மிகக் குறுகிய இடத்திலேயே தோண்டப்பட்டது. பலவீனமான இடத்திலிருந்தே மேலும் மரம் எடுக்கப்பட்டதென்றால் முறிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றவர் லியோ ஃபெண்டர். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை சாயவே இல்லை. மேப்பிள் பலகையில் கழுத்தும் தலையும் ஒரே போக்கில் அறுக்கப்பட்டு, தலையின் தளம் மட்டும் சற்றுத் தாழ்த்தப்பட்டது. தந்தி நட்டில் அழுந்துவதற்குச் சிறு உலோகக் கொக்கி ஒன்று போதுமானதாயிற்று. மரமும் உழைப்பும் மிச்சமாக வேண்டும் என்ற கணக்கில் பிறந்த வடிவம், விழுந்தாலும் எளிதில் முறியாத வடிவமாக அமைந்துவிட்டது. மலிவு விலைக் கிதார்கள் பலவற்றில் வேறொரு முறை உண்டு: பலகையைச் சாய்வாக அறுத்து, அறுத்த துண்டைத் திருப்பி ஒட்டித் தலையின் சாய்வை உண்டாக்குவார்கள், இதனால் கழுத்திலும் தலையிலும் நார் தத்தம் போக்கிலேயே ஓடும். பல லட்சம் ரூபாய் பெறும் ஒரே மரக் கழுத்தைவிடச் சில ஆயிரம் ரூபாய்க் கிதாரின் ஒட்டுக் கழுத்து இந்த ஓரிடத்தில் உறுதியானது என்பது வாங்குவோருக்கு அவ்வளவாகப் பிடிக்காத உண்மை. கிப்சனும் சும்மா இருக்கவில்லை. 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்துப் பார்த்தது, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முறியும் இடத்தின் பின்புறம் வால்யூட் என்னும் மேட்டை விட்டுத் தடிமன் கூட்டியது, கழுத்தை மூன்று துண்டுகளாக ஒட்டியும் செய்தது. வாங்குவோரோ இவற்றைச் சிக்கன நடவடிக்கை என்று கருதி முகம் சுளித்தார்கள். 1980-களில் அம்மேடு மறைந்தது, பழைய ஒல்லிக் கழுத்து திரும்பி வந்தது.

ஒட்டாத மரத்தின்மேல் உள்ள இந்தப் பற்று தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் குடமும் தண்டியும் தலையும் பலாமரத்தின் ஒரே துண்டில் குடைந்து எடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைக்கப்பட்டால் ஒட்டு வீணை. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே கைகளால் உருவாகக்கூடும் எனினும், விலையிலும் மதிப்பிலும் ஏகாண்டமே முன்னிற்கிறது. ஒட்டு வீணையின் இணைப்புகளைச் செய்வோர் வெறுமனே விட்டுவைப்பதில்லை; முற்காலத்தில் தந்தத்தாலும், இன்று அதற்கு ஈடான பிளாஸ்டிக்காலும் ஆன பூவேலைப் பட்டைகளை இணைப்பின்மேல் ஒட்டி, இரண்டு மரங்கள் சந்திக்கும் கோட்டை அணிகலனாக மாற்றிவிடுகிறார்கள்.

வீணையின் நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கும் யாளி முகத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த வீணை சரியும்போதும், வாகனத்தில் ஏற்றி இறக்கும்போதும் முதலில் அடிபடக்கூடியது அந்த யாளிதான். ஆயினும் கிதாரின் தலையைப்போல் அது தந்திகளின் இழுப்பைச் சுமப்பதில்லை. ஏழு தந்திகளின் பாரமும் பிரடைகளோடு முடிந்துவிட, யாளி அதற்கு அப்பால் அழகுக்காகவே நிற்கிறது. உடைந்த யாளியை ஒட்டி, பொன்வண்ணமும் சிவப்பும் தீட்டிவிட்டால் வேலை முடிந்தது. வாசிப்பில் எந்த வேறுபாடும் தோன்றாது. கிதாரின் தலையோ அழகும் சுமையும் ஒருங்கே ஏற்கும் உறுப்பு என்பதால், அதன் பழுதுபார்ப்பும் தச்சு, ஓவியம் என்னும் இரண்டு தொழில்களாகப் பிரிகிறது. முதலில் தச்சு.

கிதார் முறிவதற்கு மேடையில் யாரும் அதைத் தரையில் ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. தாங்கியிலிருந்து மல்லாக்க விழுந்தால் போதும். பெட்டிக்குள் இருக்கும்போதே பெட்டி சாய்ந்து விழுந்தாலும், உடல் சட்டென நின்றுவிட, உலோகச் சாவிகளின் கனத்தால் தலை மட்டும் முன்னேறிச் செல்ல முயன்று பிளந்துவிடுகிறது. பங்குனி உத்திரத்துக்கும் ஆடி மாதத்துக்கும் ஊர் ஊராகச் செல்லும் மெல்லிசைக் குழுக்களின் வேன்களில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் கிதார்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முறிந்தவுடன் தந்திகளைத் தளர்த்திவிடுவதும், பெயர்ந்த சிம்புகளை ஒரு தாளில் பொதிந்து வைப்பதும்தான் உரிமையாளர் செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதவையோ பல: பிளவைப் பொருந்துகிறதா என்று திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தால் முறிவின் நுண்ணிய பற்கள் நசுங்கிவிடும், நொடியில் ஒட்டும் பசையை ஊற்றிக் கையால் அழுத்தினால், கோணலாக ஒட்டிய தலையை மீண்டும் பிரிக்க முடியாமல் போகும். பழுதுபார்ப்போரிடம் வரும் மிகக் கடினமான வேலைகளில் முறிவைவிட, முறிவுக்குப் பின் வீட்டில் நடந்த வைத்தியமே பெரும் சிக்கலாக இருப்பதுண்டு.

புதிதாக முறிந்த, நீண்டு சாய்வாகப் பிளந்த கழுத்து நல்வாய்ப்பாகக் கருதப்படுகிறது. ஒட்டும் பரப்பு அகலமாக இருப்பதோடு, இருபுறப் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று சென்று தாமாகவே சரியான இடத்தில் அமர்ந்துகொள்ளும். மரப்பசை என்பது இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. இரண்டு பரப்புகள் நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது நார்களுக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய படலம் அது. அப்படிப் பொருந்திய இணைப்பு சுற்றியுள்ள மரத்தைவிட வலுவாக இருக்கும் என்பதால், பசை பூசுமுன் ஈரமில்லாமல் ஒருமுறை முழுவதும் பொருத்தி, அழுத்தி, கோடு மறைகிறதா என்று பார்த்துக்கொள்வதில்தான் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. கழுத்தின் உருண்ட முதுகுக்கேற்ப வளைத்துச் செதுக்கிய கட்டைகளை வைத்து, பசை அவற்றில் பிடிக்காமல் மெழுகுத்தாளை இடையிட்டு, ட்ரஸ் ராட் ஓடும் வாய்க்காலுக்குள் பசை இறங்கித் திருகை முடக்கிவிடாமல் காத்து, கிளாம்ப் என்னும் இறுக்கிகளால் ஒரு முழு நாள் பிடித்து வைக்கிறார்கள். இறுக்கும் அளவிலும் கவனம் வேண்டும். மட்டுமீறி முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும்.

எந்தப் பசை என்பதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. தமிழ்நாட்டுத் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று அழைக்கும் பசையையே மேலைநாட்டு வயலின், கிதார் கம்மியர்களும் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்து, வில்லைகளாகவோ குருணையாகவோ உலர்த்தி, வேண்டும்போது நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் உருக்கிப் பூசுவது அதன் முறை. 1959-இல் ஃபெவிகால் சந்தைக்கு வந்த பிறகு, காய்ச்சும் தொல்லையும் நாற்றமும் இல்லாத அந்த வெள்ளைப் பசைக்கு இந்தியத் தச்சுப் பட்டறைகள் மெல்ல மாறின. இன்று வஜ்ஜிரம் என்ற சொல்லே இளைய தச்சர்களுக்கு அந்நியமாகிவிட்டது. மேசைக்கும் கதவுக்கும் வெள்ளைப் பசை மிகப் பொருத்தமானதே. கிதாரின் தலையில் மட்டும் ஒரு சங்கடம்: இரவும் பகலும் ஓயாமல் இழுக்கும் விசைக்கு அது மெதுவாக நெகிழ்ந்துகொடுக்கும் இயல்புடையது. நன்கு காய்ச்சிய வஜ்ஜிரம் அப்படி நெகிழ்வதில்லை. உலரும்போது தானே சுருங்கி இரு பரப்புகளையும் இழுத்து நெருக்குகிறது. பின்னொரு நாள் வெப்பமும் ஈரமும் காட்டிப் பிரிக்கவும் இடம் தருகிறது. இதே குணமே அதன் பலவீனமும்கூட. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் கிதாரை விட்டுச்சென்றால், ஒட்டு பிரிந்த தலையோடு அதைத் திரும்பக் காண நேரலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மஞ்சள் மரப்பசையைத்தான் இன்று பெரும்பாலான கிதார் பழுதுபார்ப்போர் நாடுகிறார்கள். மரம் நொறுங்கி இடைவெளி விழுந்த இடத்தில் இரண்டு குழாய்களிலிருந்து கலந்து பூசும் எபாக்ஸியும், மயிரிழை விரிசலில் நீராக ஓடும் நொடிப்பசையும் தத்தம் அளவில் உதவுகின்றன. ஆயினும் எபாக்ஸி ஒருமுறை போன இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் பிடிக்காது என்பதால், அதை இறுதி மருந்தாகக் கருதுவதே நல்லது.

குறுக்கே குட்டையாக முறிந்ததும், முன்பே ஒட்டி மறுபடி விட்டுப்போனதுமான கழுத்துக்குப் பசை மட்டும் போதாது. அங்கே கழுத்தின் பின்புறமாக, ட்ரஸ் ராடுக்கு இரு பக்கமும், முறிவைக் கடந்து செல்லும் இரண்டு பள்ளங்களைக் குடைந்து, நார் நீளவாட்டில் ஓடும் புதிய மரச்சட்டங்களை அவற்றில் பதித்து ஒட்டுவார்கள். ஸ்ப்ளைன் எனப்படும் இச்சட்டங்கள், இயற்கை அறுத்துவிட்ட நாரின் தொடர்ச்சியை மனிதன் திரும்பக் கொடுப்பதற்கு ஒப்பானவை. இன்னொரு முறையில் பின்புறம் முழுவதையும் சில மில்லிமீட்டர் சீவியெடுத்து, வளைத்த மரப்பட்டை ஒன்றைப் போர்த்தி ஒட்டுவதும் உண்டு. இவற்றைத் தேவையில்லாத இடத்திலும் செய்துவிடும் ஆர்வம் பலருக்கு இருப்பது கவலைக்குரியது. சுத்தமாகப் பொருந்திய நீள்முறிவுக்கு நல்ல பசையே போதும், நலமாக உள்ள மரத்தைக் குடைந்தெறிவது அதை மேலும் பலவீனமாக்கும்.

இனி ஓவியம். ஒட்டிய கழுத்து வலுவாக இருந்தாலும், பசை பிதுங்கிய கோடும் பெயர்ந்த வண்ணமும் முறிவை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். அதை மறைக்க முற்படுபவர் முதலில் காணாமல்போன சிம்புகளுக்குப் பதிலாக அதே இன மரத்தின் சிறு துண்டுகளை, நாரின் போக்கும் நிறமும் ஒத்துப்போகும்படி தேர்ந்து பதிக்கிறார். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பது எளிது எனினும், அத்தூளுக்கு நாரும் இல்லை, ஒளியைத் திருப்பும் பளபளப்பும் இல்லை என்பதால் சாயம் ஏற்றியதும் அழுக்குக் கறையாகவே தெரியும். பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, மஹோகனியின் திறந்த துளைகளைக் கருஞ்சிவப்புக் குழம்பால் நிரப்பி, நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று அடித்து, மெல்லிய தூரிகையால் ஒட்டுக் கோட்டின்மேல் பொய்நார்களை வரைகிறார். ஒட்டுக் கோடு நேராகவும் தொடர்ச்சியாகவும் இருப்பதாலேயே கண்ணில் படுகிறது. அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பத்துப் பன்னிரண்டு சிறு கீற்றுகள் போதும், கண் அக்கோட்டைத் தொடரும் பழக்கத்தைக் கைவிட்டுவிடும். மறைப்பு என்பது பெரும்பாலும் பொருளைப் போர்த்துவதைவிடப் பார்வையைத் திசைதிருப்புவதே என்று இதிலிருந்து அறியலாம்.

மேற்பூச்சின் இயல்பு தெரியாமல் இதில் இறங்க முடியாது. பழைய கிப்சன்களின்மேல் அடிக்கப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். மரச்சாமான்களுக்கும் ஒருகாலத்தில் கார்களுக்கும் அடிக்கப்பட்ட இதே சரக்கை இங்குள்ள பட்டறைகளில் என்.சி. என்ற சுருக்கப் பெயரால் கேட்டு வாங்குவார்கள். புதிதாக அடிக்கும் படலம் பழைய படலத்தைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும் என்பது இதன் பெரிய வசதி. பாலியூரத்தேன், பாலியெஸ்டர் பூச்சுள்ள புதிய கிதார்களில் அப்படி ஒன்றுவதில்லை, ஓரத்தில் ஏரியின் கரைபோல ஒரு கோடு நின்றுவிடும். ஆனால் லேக்கர் பல வாரங்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்து பத்தாம் நாளே தேய்த்து மெருகிட்டுக் கொடுத்துவிட்டால், இரண்டு மாதத்தில் ஒட்டுக் கோடு பள்ளமாகத் தெரிந்துவிடும். ஒளி ஊடுருவும் செர்ரிச் சிவப்பும், மரத்தின் இயல்பு நிறமும் மறைப்பவருக்குப் பெரும் சோதனை. அதனால் ஓரங்களில் கருத்து நடுவில் வெளுக்கும் சன்பர்ஸ்ட் பாணியைக் கடன் வாங்கி, முறிந்த இடத்தை நோக்கி நிறத்தை மெல்ல மெல்ல அடர்த்தியாக்கி, கடைசியில் கறுப்பில் முடித்துவிடுவது வழக்கம். 1950-களின் சில கிப்சன்களில் தொழிற்சாலையிலேயே தலையின் பின்புறம் கறுப்பு முனையாகத் தீட்டப்பட்டிருந்ததால், இந்த மறைப்புக்கு வரலாற்றுச் சான்றும் கைவசம் இருக்கிறது. ஆயினும் புற ஊதா விளக்கின் கீழ் கொண்டுபோனால் பல ஆண்டுகள் பழுத்த லேக்கர் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிர, புதிதாக அடித்த இடம் இருண்டு கிடக்கும். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் போன்ற அரும்பொருள்களில், தலை முறிந்து ஒட்டப்பட்டது என்று தெரிந்தாலே விலை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது விற்போர் வாங்குவோரிடையே புழங்கும் கணக்கு. ஒலியில் குறையில்லாத கருவிக்குப் பாதி விலை என்றால், மறைக்கும் ஆசைக்குக் காரணம் வேறு வேண்டாம்.

இந்த ஆசையை எடைபோடுவதற்குக் காஞ்சிபுரம் ஒரு நல்ல தராசு. ஒட்டாத மரத்துக்கு மதிப்புக் கூடும் உலகில், இணைப்புக்கே மதிப்பு கூட்டிய ஊர் அது. காஞ்சிப் பட்டின் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடையால் நெய்யப்படுகின்றன. மூன்று நாடாக்கள் ஓட, தறியின் ஒருபுறம் நெசவாளரும் மறுபுறம் உதவியாளரும் கைகோத்ததுபோல் இயங்க, உடலின் ஊடை கரையின் ஊடையோடு ஒவ்வொரு வரிசையிலும் பின்னிக்கொள்கிறது. உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது. ஆனால் இணைப்பின் கோட்டில் எழும் பற்களே தாழம்பூ ரேக்காக அழகு பெற்று, கோர்வை என்று சொல்லி விற்கும் தகுதியைப் புடவைக்குத் தருகின்றன. அதே தறியில், தீர்ந்துபோன பாவின் நுனிகளோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கும் வேலையும் நடக்கிறது. அது எவர் கண்ணிலும் பட வேண்டியதில்லை, படுவதும் இல்லை. காட்ட வேண்டிய இணைப்பு எது, காட்டத் தேவையற்ற இணைப்பு எது என்பது தறிக்குத் தெரியும்.

மறைத்ததால் வந்த கேட்டுக்கும் அதே ஊரில் சான்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில், அடித்தளத்தில் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் கொண்டது. மென்மையான மணற்கல் காற்றாலும் ஈரத்தாலும் அரிக்கப்பட்டபோது, பின்வந்தோர் தேய்ந்த சிம்மங்களுக்கும் தேவர்களுக்கும் சுண்ணச் சுதையால் புதிய முகமும் கைகால்களும் வைத்தனர். பக்தியோடு செய்யப்பட்ட பழுதுபார்ப்புதான் அது. ஆயினும், தடித்த சுதைக்கு அடியில் பல்லவச் சிற்பியின் உளி எப்படி ஓடியது என்பதைப் பல இடங்களில் இன்று காண முடிவதில்லை. திருச்சுற்றின் சிறு கோட்டங்களில் மிஞ்சியிருந்த பல்லவ ஓவியங்களை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் வெளிக்கொணர்ந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, அழிந்த பகுதியை ஊகித்துப் புதிதாக உண்டாக்கிச் சேர்ப்பதை ஏற்காமல், எஞ்சியதைக் காப்பதையே வலியுறுத்தியது. வழிபாட்டில் உள்ள திருமேனிகளுக்கு ஆகமங்களின் கணக்கு வேறு: சிறு உறுப்புக் குறைபட்டால் செப்பம் செய்து கொள்ளலாம், தலை போன்ற பேருறுப்புச் சிதைந்தால் விலக்கி நீர்நிலையில் சேர்த்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும் என்று பிரித்துரைக்கின்றன. அந்த அளவுகோலை அப்படியே கொண்டால் தலை முறிந்த கிதார்கள் யாவும் நீர்நிலையில் சேர வேண்டியவையே. நல்லவேளையாகக் கருவி வாசிப்போர் யாரும் அதைத் தங்களுக்கு விதித்துக்கொள்ளவில்லை.

நீர்நிலை என்றதும் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்த சரஸ் குளத்தில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிப்படும் அத்திவரதர் நினைவுக்கு வருவது இயல்பு. 1979-க்குப் பின் 2019-இல் 48 நாட்கள் காட்சி தந்த அத்திமரத் திருமேனி, கிதார் வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி தருகிறது: மரத்துக்கு நீரைவிடப் பெரிய பகை, நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதே. ஐப்பசி மழையில் ஊதிப் பங்குனியில் சுருங்கும் கழுத்தில், அவ்வசைவு முழுவதும் வந்து முட்டுவது பழைய ஒட்டுக் கோட்டில்தான். பழுதுபார்த்த கருவியைப் பெட்டிக்குள் வைத்து, வெயிலும் குளிர்சாதனக் காற்றும் மாறி மாறிப் படாமல் காப்பது எந்தப் பசையையும்விட அதிகப் பயன் தரும்.

வடுவை மறைப்பதில் தவறென்ன என்று கேட்டால், வாசிப்பவர் தம் கண்ணுக்காக மறைத்துக்கொள்வதில் ஒன்றுமில்லை. தவறு தொடங்குவது விற்கும்போது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளுக்கு இது விளக்கத் தேவையில்லாத செய்தி. வெள்ளியும் தங்கமும் குறைந்த கலப்புச் சரிகையில் புடவை நெய்து, அதற்குரிய விலைக்கு விற்பது நேர்மையான வணிகம். அதையே அசல் சரிகை என்று சொல்லி விற்பது வேறு. ஒரு புடவையின் சரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் ஏற்பாடு அவ்வூரில் வந்ததற்குக் காரணமும் அந்த வேறுபாடுதான். பழைய கிதாரை வாங்குபவர் கையில் அத்தகைய சோதனைக் கருவி இல்லாவிட்டாலும் கட்டைவிரல் இருக்கிறது: நட்டின் பின்புறத்தை நகத்தால் குறுக்கே வருடினால் தட்டுப்படும் வரம்பும், கழுத்தின் மற்ற இடங்களில் இல்லாமல் அங்கே மட்டும் திடீரெனக் கருக்கும் நிறமும், லேக்கரின் பழைய வெடிப்புகள் அவ்விடத்தில் மட்டும் நின்றுபோவதும் விற்பவர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

பழுதுபார்த்தவர் விரும்பினால் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ட்ரஸ் ராடின் திருகுக் குழியை மூடியிருக்கும் சிறு தகடு இரண்டு மூன்று திருகுகளில் கழன்று வரும். கேட்போரும் பார்ப்போரும் ஒருபோதும் காணாத அதன் உட்புறத்தில், முறிவை ஒட்டிய நாளையும் பூசிய பசையின் பெயரையும் எழுதி வைக்கலாம். கழுத்தைச் சீர்செய்ய அடுத்து வரும் கை, முதலில் கழற்றுவது அந்தத் தகட்டைத்தான்.